சின்ன ஸ்கிரீனுக்கு வந்த லேசர்

அந்தத் தியேட்டரில் இரண்டு அரங்குகள். பெரியதில் அறுநூறு இருக்கைகள், சின்னதில் இருநூற்றுப் பத்து. இரண்டுக்கும் தனித்தனி ஆபரேட்டர்கள். டிக்கெட் கவுண்டர்காரரிலிருந்து கழிவறை கழுவுகிறவர்வரை எல்லோரும் அவர்களைப் பெரிய ஸ்கிரீன், சின்ன ஸ்கிரீன் என்றுதான் கூப்பிட்டார்கள். "பெரிய ஸ்கிரீன் டீ குடிக்கப் போயிருக்காரு", "சின்ன ஸ்கிரீனுக்கு இன்னிக்கு ஜுரமாம்" என்று அங்கே பேச்சு ஓடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

இருவரும் சகலைகள். பெரிய ஸ்கிரீன் அக்காளைக் கட்டியவர், சின்ன ஸ்கிரீன் தங்கையைக் கட்டியவர். குடியிருப்பதும் ஒரே கட்டடம். முதல் மாடியில் அக்கா வீடு, அதற்கு மேல் தங்கை வீடு. தண்ணீர்த் தொட்டியும் மொட்டை மாடித் துணிக்கொடியும் பொது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சகலையைக் கையோடு கூட்டிவந்து, "நம்ம பையன்தான், நல்லா வேலை செய்வான்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் பெரிய ஸ்கிரீன்தான். அதை அவர் யாரையும் மறக்கவிட்டதில்லை.

பெரிய ஸ்கிரீன் கெட்ட மனிதர் இல்லை. வேலையில் கெட்டி, வீட்டில் சாது. பொறாமை மட்டும் அவருக்குப் பசி மாதிரி, வேளாவேளைக்கு வரும். மேல் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் கீழ் வீட்டில் அவருக்குத் தலைவலிக்கும். சகலை மகள் கணக்கில் நூறு வாங்கினாள் என்றால், "இந்தக் காலத்துல கேள்வியெல்லாம் சுலபமா கேக்கறான்" என்பார். சகலைக்கு ஐம்பதை நெருங்கியும் தலை நரைக்கவில்லை என்பதுகூட அவருக்கு ஒரு குறைதான். தியேட்டரிலும் அப்படியே. 3டி படங்கள் வரத் தொடங்கியபோது முதலில் பெரிய அரங்கில்தான் அந்த ஃபில்டரைப் பொருத்தினார்கள். அது சட்டம் போட்ட ஒரு கறுப்புக் கண்ணாடி. 3டி படம் ஓடும்போது மெஷினுக்கும் சுவரிலுள்ள ஜன்னலுக்கும் நடுவில் அதைத் தள்ளி வைக்க வேண்டும். சாதாரணப் படத்துக்கு வெளியே இழுத்துவிட வேண்டும். இழுக்க மறந்தால் வெளிச்சத்தில் பாதிக்குமேல் அதுவே குடித்துவிடும். பெரிய ஸ்கிரீன் அதைக் கையால் தள்ளினார், கையால் இழுத்தார். மறு வருடம் சின்ன அரங்கில் பொருத்தும்போது மோட்டார் வைத்த புது மாதிரி வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் கண்ணாடி தானே போகும், தானே வரும். சகலை நாற்காலியில் சாய்ந்தபடி அதை அமுக்குவதை முதல்முறை பார்த்த அன்று பெரிய ஸ்கிரீனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் லேசர் வந்து வாய்த்தது.

லேம்ப் போட்ட பழைய மெஷின்களை எடுத்துவிட்டு லேசர் மெஷின் வைக்கலாம் என்று தியேட்டர் முதலாளியம்மா முடிவு செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பின் பொறுப்பெடுத்துக்கொண்ட அந்த அம்மாள் எதையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். வெளியூரில் மூன்று நாள் பயிற்சி இருக்கிறது, போய்வருகிறீர்களா என்று முதலில் பெரிய ஸ்கிரீனைத்தான் கேட்டார்.

"இருபத்தாறு வருஷமா வெளிச்சத்தோடதான் குடும்பம் நடத்தறேன் மேடம். எனக்கு எவன் வந்து சொல்லித்தரணும்?" என்றார் அவர். அந்த அம்மாள் வற்புறுத்துவார், இரண்டாம் தடவை கேட்கும்போது ஒப்புக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. சகலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கழுத்தில் அட்டை மாட்டிய போட்டோவோடு திரும்பிவந்தார். அந்தப் போட்டோ மேல் வீட்டுக் கூடத்தில் தொங்கியது.

"முதல்ல சின்ன ஸ்கிரீன்ல வெச்சுப் பாப்போம்" என்றார் முதலாளியம்மா. "ஒரு வாரம் ஓடட்டும். நல்லா வந்தா பெரிய ஸ்கிரீனுக்கும் அதே. அப்புறம் ரெண்டு மெஷினையும் ஒருத்தர் பொறுப்புல விடணும். யாருன்னு அப்போ சொல்றேன்."

யார் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மெஷின் ஒரு புதன்கிழமை வந்திறங்கியது. அதோடு சேர்ந்து சின்ன அரங்கின் ஆபரேட்டர் அறைக்கு ஏசி வந்தது. சக்கர நாற்காலி வந்தது. தூசி ஆகாது என்று கதவில், 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஓர் அறிவிப்பும் வந்தது. பெரிய ஸ்கிரீன் அதை இரண்டு முறை படித்தார். தன்னால் வேலைக்கு வந்தவன் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதா? வாசல்படியிலேயே நின்றுகொண்டு எட்டிப்பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றார் சகலை. "சத்தமே இல்ல பாருங்க. ஓடுதா நிக்குதான்னே தெரியல. லேம்ப் மாத்தற வேலையும் இனிமே கிடையாதாம்."

அதுவும் போயிற்றா என்று பெரிய ஸ்கிரீனுக்குச் சுருக்கென்றது. லேம்ப் மாற்றுவது அவருடைய திருநாள். அது வெடித்தால் கண் போய்விடும். முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, "யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று வராந்தாவையே காலிசெய்யச் சொல்லிவிட்டு, குழந்தையை எடுப்பதுபோல் அந்தக் கண்ணாடிக் குடுவையை எடுப்பார். முதலாளியம்மாவே தூரத்தில் நின்று பார்ப்பார். சகலைக்கு அந்த ஆபத்துக்கூட இனி இல்லை.

"அறை நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார். "பாத்து, சளி பிடிச்சுக்கப் போகுது."

வியாழக்கிழமை முழுக்க டெக்னீஷியன்கள் அளவெடுத்தார்கள், நிறம் சரிபார்த்தார்கள், கடைசியாக 3டியையும் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபில்டரின் மோட்டார் ஒயர் புது மெஷினில் சேரவில்லை. வேறு ஒயர் அடுத்த வாரம் கொண்டுவருவதாகவும் அதுவரை கையால் நகர்த்திக்கொள்ளும்படியும் சகலையிடம் சொன்னார்கள். சொன்ன நாற்பது விஷயங்களில் அது முப்பத்தெட்டாவது. சகலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி. புதுப் படம். முதலாளியம்மா கடைசி வரிசையில் நடுவில். வாசல் பக்கம் பெரிய ஸ்கிரீன் நின்றார். அவருடைய அரங்கில் காட்சி தொடங்க இன்னும் அரை மணி இருந்தது. இருட்டியது, திரை வெளுத்தது, படம் வந்தது.

மங்கலாக வந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். கல்யாண மண்டபக் காட்சி, மத்தியான வெயில். ஆனால் திரையில் மழைக்கு முந்திய வானம்போல் இருந்தது. அவருடைய பழைய லேம்ப், ஆயிரத்து இருநூறு மணி நேரம் எரிந்து களைத்துப்போன லேம்ப், இதைவிட நன்றாகக் காட்டும். அவர் மாடிப்படி ஏறி ஆபரேட்டர் அறைக் கதவைத் திறந்து, வழக்கம்போலச் செருப்போடு வாசல்படியிலேயே நின்றார்.

சகலை மெஷினுக்கு அந்தப் பக்கம், பேனலில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பழைய மெஷினைவிடப் புது மெஷின் அகலம். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் மறையும். வாசல்படியிலிருந்து பார்த்தால் தெரியும். பெரிய ஸ்கிரீனுக்குத் தெரிந்தது. நேற்றுச் சோதித்தவர்கள் வைத்த இடத்திலேயே 3டி ஃபில்டர், லென்ஸுக்கு முன்னால் கறுப்பாக, வாகாக உட்கார்ந்திருந்தது.

"டல்லா தெரியுதாண்ணே?" என்றார் சகலை. "நான் 2டிதான் அமுக்கினேன். பச்சை விளக்கும் எரியுது."

கேட்டவருக்குச் சொல்ல வேண்டியது நான்கே வார்த்தை. வாயைத் திறந்தார். அப்போது ஏசிக் காற்று அவர் முகத்தில் அடித்தது.

"புது மெஷின் இல்லையா, சூடேறினா சரியாயிடும்" என்றார் பெரிய ஸ்கிரீன். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார்.

லேசர் சூடேறி வெளிச்சம் தருகிற பொருள் இல்லை என்பது பயிற்சிக்குப் போகாத அவருக்கே தெரியும்.

அன்று மத்தியானமே பாப்கார்ன்காரம்மா ஆரம்பித்துவிட்டாள். "என்னங்க, லேசர் லேசர்னாங்க. ஹீரோயின் சிரிச்சா பல்லு மட்டும்தான் தெரியுதாம். மூஞ்சி எங்கேன்னு தேடணுமாம்." பெரிய ஸ்கிரீன் சிரிக்கவில்லை. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு, காதுல விழல" என்றார்.

சனிக்கிழமை ஒரு குடும்பம் பாதியில் எழுந்து வந்து பெரிய அரங்குக்கு மாற்றித் தரச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை யாரோ திரையைப் படம்பிடித்து, 'இது லேசரா மெழுகுவத்தியா' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். முதலாளியம்மா பெரிய ஸ்கிரீனின் அரங்கில் வந்து அரை மணி உட்கார்ந்துவிட்டு, "உங்க படம் பளிச்சுனு இருக்குங்க" என்று சொல்லிப்போனார். இருபத்தாறு வருட வேலையில் அப்படியொரு வார்த்தையை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பெரிய ஸ்கிரீன் ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். லேம்புக்குப் போகும் கரண்டைக் கொஞ்சம் ஏற்றியும் வைத்தார். லேம்புக்கு ஆயுள் குறையும், குறையட்டும். சகலையின் திரையைவிடத் தன் திரை எவ்வளவு வெளிச்சம் என்று காட்சிக்குக் காட்சி இரண்டு அரங்குக்கும் நடந்து நடந்து பார்த்தார். முழங்கால் வலிக்காரர். அந்த வாரம் முழங்கால் வலிக்கவே இல்லை.

மனைவியிடம் ஞாயிறு மத்தியானமே சொல்லியிருந்தார். சொல்லாமல் வைத்துக்கொண்டால் சந்தோஷம் முழுமையாகவில்லை.

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கா?" என்றாள் அவள்.

"நம்பர் ஒன்னு மெஷின். கண்ணாடிய இழுத்தா சூரியன் மாதிரி அடிக்கும்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இழுத்திருக்க மாட்டானா? பொத்தான் அமுக்கிப் பழகின கை."

அவள் சாதத்தைக் கிளறியபடி யோசித்தாள். லேசர் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தங்கை மாடிப்படியில் இறங்கும் தினுசே மாறியிருந்தது. 'எங்க வீட்டுக்காரர் இனிமே செருப்பு போடாமத்தான் வேலை பாப்பாராம், ஆஸ்பத்திரி மாதிரி' என்று பால் வாங்கும் இடத்தில் சொல்லியிருக்கிறாள்.

"நாமளா போய்ச் சொல்ல வேணாம்" என்றாள் மனைவி. "கேட்டா சொல்லுவோம்."

"கேட்டான். நான் சொல்லலை."

"சரி, மறுபடி கேட்டா" என்று அவள் அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்த நாட்கள் குறைவு.

மேல் வீட்டில் வாஷிங் மெஷின் அந்த வாரம் சத்தமே போடவில்லை. சகலை காலையில் ஏழு மணிக்கே தியேட்டருக்குப் போனார். பயிற்சியில் எழுதிய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெளிச்சத்தின் அளவை நூறுக்கு ஏற்றினார், திரையை மூன்று முறை துடைத்தார். பொத்தானில் பச்சை எரிந்ததால் ஃபில்டர் பக்கம் அவர் எண்ணமே போகவில்லை. டெக்னீஷியன்களுக்குப் போன் செய்தால், "நாங்க பாத்தப்போ அளவெல்லாம் கரெக்டா இருந்துச்சு சார், வியாழக்கிழமை வரோம்" என்றார்கள். கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துவிட்டது. பெரிய ஸ்கிரீன் அதையும் கவனித்தார். முதல் இரண்டு நாள் அது இனித்தது. பிறகு அவ்வளவாக இனிக்கவில்லை. ஆனாலும் விட மனம் வரவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு முதலாளியம்மா பெரிய ஸ்கிரீனைத் தனியாக அறைக்கு அழைத்தார்.

"நாளைக்கு மெஷினைக் கழட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாம்னு இருக்கேன். பழைய லேம்ப் மெஷினையே ஏத்திடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் மேடம்."

"மூணு நாள் ட்ரெயினிங் போய் என்னத்தக் கத்துக்கிட்டு வந்தாருன்னே தெரியல. ஒரு வாரமா நோட்டப் பாத்துப் பாத்து முழிக்கறாரு. பழைய மெஷின் வந்தப்புறம் ரெண்டையும் நீங்களே பாத்துக்கோங்க. அவரை வாசல்ல டிக்கெட் கிழிக்கப் போட்டுடறேன். வேலைய விட்டு அனுப்ப மனசு வரல."

இரண்டு அரங்கும். இருபத்தாறு வருடமாக அவர் வாய்விட்டுக் கேட்காதது. அவர் தலையாட்டினார். வெளியே வந்தபோது வராந்தாவின் கோடியில் சகலை கையில் துணியோடு நின்றிருந்தார். திரையை நான்காம் முறையாகத் துடைக்கப் போகிறார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். இரண்டு அரங்கு என்பதை முதலில் சொன்னார். டிக்கெட் கிழிப்பதை, ஒன்றுமில்லாத விஷயம்போல, மோர் ஊற்றும்போது சொன்னார்.

"வாசல்லயா? எல்லாரும் பாக்கற மாதிரியா?" என்றாள் அவள். இரண்டாவது கரண்டி வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை தியேட்டருக்கு நடக்கும்போது அவருக்கு நிலைகொள்ளவில்லை. பத்து மணிக்கு டெக்னீஷியன் வருவான். வந்ததும் கண்ணாடியைப் பார்ப்பான். 'இத்தனை வருஷ சர்வீஸ், உங்க கண்ணுக்குமா தெரியல?' என்று முதலாளியம்மா கேட்பார். ஒருவேளை அவன் பார்க்காமலே மெஷினைக் கழற்றிவிட்டால், சகலை வாசலில் நிற்பார், தான் தினமும் அவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எது மோசம் என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. இப்போதுதான் கண்ணில் பட்டதுபோலச் சொல்லிவிடலாம் என்று முடிவுக்கு வந்தார். 'என்ன தம்பி இது, ஃபில்டர் உள்ளயே இருக்கு?' என்று திடுக்கிடும் குரலில். மாடிப்படியில் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கதவைத் திறந்தால் ஃபில்டர் வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது. சகலை ஒரு துண்டுப் படத்தை ஓடவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அப்பால் காலி அரங்கின் திரை தகதகவென்று எரிந்தது. முன்வரிசை இருக்கைகளின் கைப்பிடிகூடத் தெரிந்தது. பெரிய ஸ்கிரீன் தன் வாழ்நாளில் அப்படியொரு வெள்ளையைத் திரையில் பார்த்ததில்லை. வயிற்றில் பழைய இடத்திலேயே எரிந்தது.

"அண்ணி காலைல மொட்டை மாடிக்கு வந்து சொன்னாங்க" என்றார் சகலை, திரும்பாமல். "துணி காயப்போட்டுட்டு இருந்தோம். 'உங்க அண்ணன் பாத்துட்டாரு, சொல்ல மறந்துட்டாரு'ன்னாங்க."

பெரிய ஸ்கிரீன் செருப்போடு உள்ளே வந்தார்.

"எப்பண்ணே பாத்தீங்க?"

"முதல் ஷோவுல."

சகலை விரல்விட்டு எண்ணினார். "ஆறு நாள்" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். 'உன்னை இங்க கொண்டுவந்து சேத்தவன் யாரு' என்று ஆரம்பித்தால் அரை மணி பேச அவரிடம் விஷயம் இருந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். முதலாளியம்மாவும் டெக்னீஷியனும் வந்தார்கள். அந்த அம்மாள் ஜன்னல் வழியே பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன பண்ணினீங்க?"

"3டி ஃபில்டர் உள்ளயே நின்னுடுச்சு மேடம். கையால இழுக்கணும்னு சொல்லியிருந்தாங்க, நான்தான் மறந்துட்டேன். என் தப்பு." சகலை ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "அண்ணன்தான் பாத்துச் சொன்னாரு."

"அதான் பாத்தேன்!" முதலாளியம்மா பெரிய ஸ்கிரீனின் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "ட்ரெயினிங்காவது ஒண்ணாவது. அனுபவம்னா அனுபவம்தான். நீங்க மட்டும் இல்லன்னா இன்னிக்கு மெஷினக் கழட்டியிருப்பேன். ரெண்டு லேசரையும் உங்க பொறுப்புலயே விட்டுடறேன், சரிதானே?"

சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது, களைப்பு இருந்தது. கணக்கு எதுவும் இல்லை. கொடுத்துவிட்டு நிற்கிற முகம். வாஷிங் மெஷினைத் தாங்கியாயிற்று, கணக்கில் நூறைத் தாங்கியாயிற்று, மோட்டாரையும் ஏசியையும் தாங்கியாயிற்று. தன்னைவிடப் பெரிய மனுஷனாக அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அவன் போட்டதைக் கையேந்தி வாங்கிக்கொண்டு, இனி ஆயுசுக்கும் ஒரே கட்டடத்தில் ஏறி இறங்குவதா?

"நான் போன வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன் மேடம்" என்றார் பெரிய ஸ்கிரீன்.

"என்ன?"

"முதல் ஷோவுலயே பாத்தேன். வேணும்னுதான் சொல்லல. இவனுக்குத் தெரியாது."

டெக்னீஷியன் குனிந்து ஒயரைத் தேட ஆரம்பித்தான். முதலாளியம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. சத்தம் போடவில்லை. "நேத்து உங்களக் கூப்பிட்டுக் கேட்டேனே" என்றார். பிறகு சகலையிடம், "ரெண்டும் உங்க பொறுப்பு. பெரிய ஸ்கிரீனுக்கு மெஷின் வந்ததும் அவருக்கு நீங்களே சொல்லிக்குடுங்க" என்றுவிட்டு இறங்கிப்போனார்.

"ஏண்ணே இப்படி?" என்றார் சகலை. "நான்தான் சொல்லிட்டேன்ல?"

"நீ சொல்லிட்டே" என்றார் பெரிய ஸ்கிரீன். அவருடைய அரங்கில் லேம்பைப் போடும் நேரமாகியிருந்தது. போனார்.

மத்தியானம் வீட்டில் தட்டு வைக்கும்போதே மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேல் வீட்டுச் செய்தி படியிறங்கி வர எவ்வளவு நேரமாகும்?

"அவரா வந்து நல்ல பேரு குடுத்தாராமே. வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டிருக்கலாம்ல? ரெண்டு ஸ்கிரீனும் வந்திருக்கும்."

"அவன் குடுத்து நான் வாங்கிக்கணுமா?"

அது அவளுக்கு நன்றாகவே புரிந்ததுபோல் இருந்தது.

"நீ ஏன் போய்ச் சொன்னே?" என்று கேட்டார். "சொல்ல வேணாம்னு நீதானே சொன்னே?"

"அது அவளுக்கு லேசர் பெருமை இருந்தப்போ" என்றாள் அவள், சாதத்தைப் பரிமாறியபடி. "அவரு வாசல்ல நின்னு டிக்கெட் கிழிச்சா, என் தங்கச்சி யாரு கண்ணுலயும் படாம ஒதுங்கி ஒதுங்கி நடப்பா. அப்புறம் நான் யாரைப் பாத்து வயிறெரியறது?"

மேல் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடத் தொடங்கியது. இருவரும் தலையைத் தூக்கி ஒரு கணம் கேட்டார்கள். பிறகு அவர், "தலை வலிக்குது, அந்த ஜன்னலச் சாத்து" என்றார். அவள், "சாத்தித்தான் இருக்கு, சாப்பிடுங்க" என்றாள்.